கேள்வி – பதில்: மலைநாட்டில் உள்ளூர்ப் பத்திரிகை நடத்த

நண்பர்கள் நால்வர் சேர்ந்து மாதம் இருமுறை ஒரு பத்திரிகை வெளியிடப் போகிறோம். எங்கெங்கே பதிவு செய்ய வேண்டும்?
– வாசகர், ஹட்டன்

முதலில் நிறுவனம். கூட்டு வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு போதும். நால்வர் என்பதால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கம்பனியாகப் பதிவது நல்லது. கூட்டு வியாபாரத்தில் அச்சகக் கடன் ஏறினால் ஒவ்வொருவரின் சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பாகும்.

அடுத்தது பத்திரிகைப் பதிவு. 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் புதினப் பத்திரிகைகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத் திணைக்களத்தில் உரிமையாளர், வெளியீட்டாளர், அச்சிடுபவர் ஆகியோரின் விவரங்களைப் பிரகடனமாகக் கொடுக்க வேண்டும். அச்சகத்தை மாற்றினால் இந்த விவரமும் மாறும். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் ஒவ்வோர் இதழிலும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் நிரந்தரமாக ஓரிடம் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாவது தபால் திணைக்களப் பதிவு. சந்தாப் பிரதிகளைப் பத்திரிகைக்குரிய தபால் கட்டணத்தில் அனுப்ப இது தேவை. பதிவெண்ணை இதழில் அச்சிட வேண்டும். ஆண்டு பிறந்ததும் பதிவைப் புதுப்பிக்கும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

16 பக்க டப்ளொயிட், 1,500 பிரதி. வெப் ஒஃப்செட்டா, ஷீட் ஒஃப்செட்டா? எத்தனை பக்கம் கலரில் போடலாம்?
– வாசகி, தலவாக்கலை

கடதாசிக் கணக்கிலிருந்து தொடங்குவோம். பக்கம் 28 × 40 சென்ரிமீற்றர் என்றால் 16 பக்கத்துக்கு 8 தாள், மொத்தம் ஏறக்குறைய 0.9 சதுர மீற்றர். சதுர மீற்றருக்கு 45 கிராம் நியூஸ்பிரின்டில் ஒரு பிரதியின் நிறை 40 கிராம்; 1,500 பிரதிக்கு 60 கிலோ. வெப் என்பது உருளைக் கடதாசியில் ஓடும் இயந்திரம், ஷீட் என்பது வெட்டிய தாளில் அச்சிடுவது. வெப்பில் மையும் தண்ணீரும் சமநிலைக்கு வந்து, நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடுவதெல்லாம் கழிவு. அது 400 பிரதி என்று வைத்தாலே 16 கிலோ, உங்கள் கடதாசியில் கால்வாசிக்கு மேல். 20,000 அடிக்கும் பத்திரிகைக்கு அது பொருட்டில்லை, 1,500க்கு அப்படியல்ல. எனவே இரு அச்சகத்திலும் விலை கேளுங்கள். கேட்கும்போது “கழிவு யார் கணக்கில்?” என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஷீட்டில் மடிப்பும் சேர்ப்பும் தனிக் கூலி. விலைப்பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கலர் விஷயத்தில் எத்தனை பக்கம் என்பதைவிட எந்தப் பக்கம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. 16 பக்க டப்ளொயிட்டில், கூட்டினால் 17 வரும் இரு பக்கங்கள் ஒரே பிளேட்டில் (அச்சுத் தகட்டில்) வரும்: 1உடன் 16, 3உடன் 14, 8உடன் 9. முழுக் கறுப்பு இதழுக்கு 8 பிளேட் போதும். ஒரு சோடியைக் கலராக்கினால், நிறத்துக்கு ஒன்றாக அதற்கு மட்டும் 4 பிளேட். 1, 16, 8, 9 ஆகிய நான்கு பக்கமும் கலர் என்றால் மொத்தம் 14 பிளேட். 1, 16, 3, 5 என்று தேர்ந்தாலும் கலர்ப் பக்கம் நான்குதான், ஆனால் பிளேட் 17. கலர் விளம்பரம் கேட்டு வருபவரிடம் கடைசிப் பக்கத்தையும் நடுப்பக்கத்தையும் முதலில் காட்டுங்கள். 5ஆம் பக்கம்தான் வேண்டும் என்பவரிடம் கூடுதல் பிளேட் செலவை வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அச்சகத்துக்கு அனுப்பிய பக்கத்தில் தமிழ் எழுத்து சிதறிவிட்டது. படங்களும் கறுத்துப் போயின.
– வாசகர், பண்டாரவளை

எழுத்துச் சிதறலுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்திருந்தால், பிடிஎஃபில் எழுத்துரு உட்பொதியாமல் போயிருக்கும். அச்சகக் கணினியில் பாமினி இல்லாதபோது தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரியும். யுனிகோட் என்றால், பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தமிழ் எழுத்தைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் தேர்வாகியிருக்காது. அதனால்தான் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பத்தி அமைப்பில் அதைத் தேர்ந்து, வார்ப்புருவாகச் சேமித்துவிடுங்கள். பாமினிக் கட்டுரையை யுனிகோடாக மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் கெடும், அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

படம் கறுப்பதற்குக் காரணம் நியூஸ்பிரின்ட் மையைக் குடித்து அச்சுப் புள்ளியைப் பெரிதாக்குவது. திரையில் 50 சதவீதமாக இருக்கும் சாம்பல், தாளில் 75 போல வரும். முகங்களின் நடுத்தர நிழலைத் திரையில் ‘வெளிறிவிட்டதோ’ என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சமாக்குங்கள். ஓரிடத்தில் விழும் நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டினால் 240ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். செய்தி எழுத்து தனிக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். நான்கு நிறக் கறுப்பில் விட்டால் சிறு விலகலுக்கே எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

ஏஜென்ட்மாரிடமிருந்து திரும்பி வரும் பிரதி நாளுக்கு நாள் கூடுகிறது. அச்சிடும் எண்ணிக்கையைக் குறைத்தால் விளம்பரதாரர் போய்விடுவார்களோ என்று பயம்.
– வாசகர், மஸ்கெலியா

குறையுங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளை மூடவைப்பது பெரும்பாலும் இந்தப் பயம்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. விலை 100 ரூபா, ஏஜென்ட் கமிஷன் 25, உங்கள் கைக்கு 75. பிளேட், பக்க அமைப்பு போன்ற நிலையான செலவு 45,000. அதற்குமேல் பிரதிக்கு 30. 1,500 அடித்தால் செலவு 90,000. அதை ஈடுகட்ட 1,200 விற்க வேண்டும். 1,050 மட்டும் விற்றால் வரவு 78,750, நட்டம் 11,250. அதே 1,050 விற்பனைக்கு 1,200 மட்டும் அடித்திருந்தால் செலவு 81,000, நட்டம் 2,250. ஒரு வாசகரும் குறையவில்லை. மிஞ்சிய நட்டத்தை ஒரு சிறு விளம்பரம் மூடிவிடும்.

ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை போடுங்கள்: இதழ் எண், அனுப்பியது, திரும்பியது, பணம் வந்த திகதி. கடந்த நான்கு இதழ்களின் சராசரி விற்பனையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி அடுத்த இதழை அனுப்புங்கள். ஒரு பிரதிகூடத் திரும்பாத கடையைப் பார்த்து மகிழ வேண்டாம். அங்கே கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் இருப்பார்கள், அங்கே கூட்டுங்கள். முழுப் பிரதியும் பஸ்ஸில் திரும்பி வரத் தேவையில்லை. முதல் பக்கத் தலைப்பை மட்டும் வெட்டி எண்ணிக் கொடுக்கச் சொல்லலாம். இரண்டு இதழின் பெறுமதியை வைப்பாக வாங்காமல் புது ஏஜென்ட் எடுக்காதீர்கள்.

திரும்பல் கூடுவதற்கு நாளும் காரணமாகலாம். தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கிறது. அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமைதான் லயத்துக் குடும்பங்கள் சாமான் வாங்க டவுனுக்கு இறங்குகின்றன. சனிக்கிழமை மாலைக்குள் பத்திரிகை கடையில் தொங்க வேண்டும். திங்கட்கிழமை வந்து சேர்ந்தால் கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணும் மஸ்டருக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடும் கங்காணியும் அதை எப்போது வாங்குவார்கள்? மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை; மண்சரிவில் பாதை மூடும் நாளுக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்து அச்சுத் திகதியைத் தீர்மானியுங்கள்.

விளம்பரதாரரிடம் உண்மையான விற்பனை எண்ணைக் காட்டுங்கள். மஸ்கெலியாவில் கடை வைத்திருப்பவருக்கு மஸ்கெலியாவில் விற்ற 300 பிரதி, எங்கோ மூலையில் கட்டாகக் கிடக்கும் 500ஐ விடப் பெரிது. மரண அறிவித்தல், 31ஆம் நாள் நினைவஞ்சலி, நன்றி நவிலல் ஆகியவற்றுக்கு நிலையான அளவும் விலையும் வைத்து முன்பணமாக வாங்குங்கள். அந்தக் குடும்பங்கள் கேட்பது பெயரில் பிழை இல்லாமையை மட்டுமே. ஆதலால் அச்சுக்கு முன் படி காட்டிக் கையொப்பம் வாங்குவது அவசியம்.

கடதாசியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், நுவரெலியா

நியூஸ்பிரின்ட் இறக்குமதிப் பொருள். டொலர் ஏறினால் விலையும் ஏறும். 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ இரண்டும் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தியதை மறக்க முடியாது. ஆனால் நுவரெலியாவின் ஈரத்தில் சேமிப்பது வீண். ஈரமேறிய தாள் ஓரம் அலையடித்து இயந்திரத்தில் கிழியும். அச்சகத்தின் களஞ்சியத்திலேயே மூன்று இதழுக்கான கடதாசியை முன்பணம் கட்டி ஒதுக்கி, ரசீதில் நிறையை எழுதி வாங்குங்கள்.

பிரதேச சபை ஒப்பந்தம் ஒன்றில் முறைகேடு என்று எழுதினோம். வழக்கு வரும் என்கிறார்கள்.
– வாசகி, பதுளை

குற்றவியல் மானநட்டம் 2002இல் நீக்கப்பட்டது. மானநட்டத்துக்காகக் கைது செய்ய வழியில்லை. சிவில் வழக்கில் நட்டஈடு கேட்கலாம். “என்று சொல்லப்படுகிறது” என்று எழுதியிருப்பது காப்பாற்றாது, பிறர் சொன்னதைத் திரும்பச் சொன்னாலும் பொறுப்பு உங்களுடையது. குறிப்பேடு, ஒலிப்பதிவு, ஆவணம் மூன்றையும் இப்போதே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். பிழை இருந்தால் அதே பக்கத்தில், அதே அளவு கண்ணில் படும்படி அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். மறுப்பு வந்தால் அதையும் வெளியிடுங்கள். முறைப்பாடு 2003இல் அமைந்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குப் போனாலும் முதலில் பார்க்கப்படுவது இதுதான். ஒப்பந்த ஆவணத்தை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் கையளித்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்காமல் வர வேண்டாம்; அந்த 14 வேலைநாளை எண்ணுவது அதை வைத்துத்தான்.