பொழுதுபோக்குப் பூங்கா கட்டும் கேமான பிளானட் கோஸ்டரில் நான் கட்டும் கட்டிடங்கள் அட்டைப்பெட்டி மாதிரியே இருக்கின்றன. நுணுக்கமாகக் கட்டுவது எப்படி?

உங்கள் சுவரில் நிழல் விழவில்லை, அவ்வளவுதான் விஷயம். கொடி, விளக்கு, பூந்தொட்டி என்று எவ்வளவு ஒட்டினாலும் அடியில் இருப்பது மொட்டைச் சுவர் என்றால் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். நானும் வெகுநாள் இப்படி ஒட்டிக்கொண்டிருந்தவன்தான்.

இந்த கேமில் சுவர்த் துண்டுகள் 4 மீட்டர் கட்டத்தில் போய் உட்காரும். பெட்டி கட்டத்தான் கை போகும். ஆனால் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கட்டம் தனி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அறையைப் புதுக் கட்டிடமாகத் தொடங்கி, ஒரு 20 டிகிரி திருப்பி, முதல் கட்டிடத்துக்குள் பாதி செருகிவிடுங்கள். அலங்காரத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் கேம் கண்டுகொள்ளாது. சேருமிடம் அசிங்கமாக இருந்தால் ஒரு தூண் நட்டு மூடிவிடலாம். என் கட்டிடங்களில் பாதித் தூண்கள் அப்படி வந்தவைதான்.

அடுத்தது ஜன்னல். ஜன்னல் உள்ள சுவரை அப்படியே வைத்தால் படம் வரைந்த மாதிரி தட்டையாக இருக்கும். நான் செய்வது இது: ஜன்னலைச் சுற்றி நான்கு மரச்சட்டங்கள், ஒவ்வொன்றும் பாதி சுவருக்குள், பாதி வெளியே. கீழ்ச்சட்டம் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். மேலே சின்னதாக ஒரு கூரைத் துண்டு. இப்போது கேமில் நேரத்தை மாலையாக மாற்றிப் பாருங்கள், அதே சுவரா என்று தோன்றும். புதிதாகச் சேர்த்தது ஐந்தே துண்டுகள்.

மாடிகளை மேலே போகப் போகக் குறுக்கினால் கட்டிடம் உயரமாகத் தெரியும். 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தின் கோட்டை 77 அடிதான். மேலே உள்ள கற்களைச் சிறிதாக்கித்தான் அதைப் பெரிதாகக் காட்டியிருக்கிறார்கள். 2024-இல் வந்த பிளானட் கோஸ்டர் 2-இல் பல துண்டுகளின் அளவையே மாற்றலாம். முதல் பாகத்தில் அந்த வசதி இல்லை என்பதால், மேல்மாடிக்குச் சின்ன ஜன்னலையும் மெல்லிய சட்டங்களையும் தேடி எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, எங்கே நிறுத்துவது? ஒரு மணிக்கூண்டு கட்டி, உள்ளே படிக்கட்டு, கைப்பிடி, சுவரில் விரிசல் வரைக்கும் வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, உள்ளே போகப் பாதையே போடவில்லை! பார்வையாளர் ஒருவர்கூட அதைப் பார்க்கப் போவதில்லை. துண்டுகள் ஏற ஏற பார்க் திணறவும் ஆரம்பித்துவிட்டது. மனசே இல்லாமல் அழித்தேன். இப்போதெல்லாம் கேமராவைப் பாதையில் நடப்பவரின் கண் மட்டத்துக்கு இறக்கி, தெரிகிற முகப்புக்கு மட்டும்தான் உழைக்கிறேன். மேலே ரோலர் கோஸ்டர் ஓடுகிறது என்றால் கூரையையும் விடாதீர்கள், அங்கிருந்து அதுதான் முதலில் கண்ணில் படும்.

பழக நினைத்தால், மற்றவர்கள் தாங்கள் கட்டியதைப் பகிரும் ஸ்டீம் வொர்க்ஷாப்பிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டிடத்தை இறக்கி, பார்க்கில் வைத்து, துண்டு துண்டாகக் கழற்றுங்கள். அசந்துபோய்ப் பார்த்த செதுக்குத் தூண் ஒன்றை நான் அப்படிக் கழற்றினேன். அடிப்பீடம் என்று நினைத்தது கவிழ்த்து வைத்த பூந்தொட்டி.