ஆராய்ச்சி செய்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா? விருதுநகர் அப்பா ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டதற்கு அந்த ஐந்து நிமிடத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "பாப்பாவுக்குத் திருப்பதி ஐசர்ல (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) சீட்டு கெடச்சிருக்கு சார். சென்னையில கம்ப்யூட்டர் சயின்ஸும் கெடச்சிருக்கு. அவ ஐசர்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சம்பளம் எவ்வளவுன்னு நான் கேக்கல. இந்த ஆராய்ச்சி பண்றவுக நெசமாவே சந்தோஷமா இருக்காகளா, அத மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வழி சொல்லி வருகிறேன். சம்பளத்தை விட்டுவிட்டு இதைக் கேட்ட முதல் அப்பா நீங்கள்தான்.

நான் பார்த்தவரை, வேலையை அவர்கள் ரசித்துத்தான் செய்கிறார்கள். அவர்களை வாட்டுவது வேலையைச் சுற்றி இருப்பவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பல வீடுகளில் பிள்ளையைத் தடுக்கிறார்கள், இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புகிறார்கள்.

என் கதையையே சொல்கிறேன். நானும் நான்கு வருடம் வேதியியலில் ஸ்காலராக, அதாவது பிஎச்.டி. ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன். ஒரு சேர்மத்தைப் படிகமாக்க ஐந்து மாதம் போராடினேன். கரைப்பானை மாற்றுவேன், சூட்டை மாற்றுவேன். அடியில் பிசின் மாதிரி ஏதோ தங்கும், அவ்வளவுதான். ஒரு நாள் பீக்கரை வடிதாளால் மூடி, குண்டூசியால் நாலு ஓட்டை போட்டு, ஜன்னலோரம் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பீக்கரின் சுவரெல்லாம் மஞ்சள் ஊசிகள். வெயில் பட்டு மின்னின. காலை டிபன்கூடச் சாப்பிடாமல் மதியம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்தப் படிகத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தான். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக எதுவும் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஏன் விட்டேன்? எட்டு மாதம் ஃபெல்லோஷிப் என்ற உதவித்தொகைப் பணம் வரவில்லை. கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் திருத்துவதிலும் அவருடைய சொந்த வேலைகளுக்கு அலைவதிலும் பாதி நாள் போனது. எழுதிக் கொடுத்த கட்டுரை ஒன்றரை வருடம் அவர் மேஜையிலேயே கிடந்தது. வீட்டில் தங்கை கல்யாணம். விட்டுவிட்டேன். வேதியியல் எனக்கு ஒரு நாளும் சலிக்கவில்லை ஐயா.

ஆனால் படிகம் தெரியும் நாள் எப்போதோ ஒருமுறைதான் வரும். மற்ற நாட்களெல்லாம் வராத ரிசல்ட்டோடுதான் குடித்தனம். அதையும் விரும்புகிறவர்களால்தான் இதில் நிலைக்க முடியும். கிண்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் தசைநாண்களிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நினைத்தார். நல்ல மாதிரி வேண்டுமே? பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். அதை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, சடை பின்னியது போல மூன்று இழைகள் சுற்றிய அமைப்பு அது என்று 1954, 1955-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார்.

உடனே கேள்வி வந்தது. டி.என்.ஏ. அமைப்பைச் சொன்ன அதே பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும், அந்த அமைப்பில் அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று குறை சொன்னார்கள். வேறு ஒருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார், இல்லை வாதாடிக்கொண்டே இருந்திருப்பார். ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக எடுத்துக்கொண்டார்: சரி, இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? ஏற்கெனவே தெரிந்த படிக அமைப்புகளிலிருந்து அந்தத் தூரங்களைத் திரட்டி, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, படமாக வரைந்தார். 1963-ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு இன்று 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று பெயர். உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் அது இருக்கிறது; புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டால் அது சரிதானா என்று இன்றும் அதில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். குறை வந்ததற்கும் வரைபடம் வந்ததற்கும் நடுவே எட்டு வருடம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பேச்சோடு பேச்சாக நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட ஒன்று என் மனதிலேயே நிற்கிறது. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் பாப்பா எருக்கஞ்செடியிலிருந்து ஆறு புழுக்களைக் கொண்டுவந்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்தாள் என்றீர்கள். எருக்க இலை தின்னும் என்றால் அது பெரும்பாலும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. இரண்டு செத்துப்போயின, இரண்டு கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் ஈ வந்தது, "அதுக்கப்புறமும் போய் எருக்க இலை பறிச்சுட்டு வந்தா சார், கிறுக்கு மாதிரி" என்றீர்கள். அது கிறுக்கு இல்லை ஐயா. ஒருவகை ஈ, புழுவின் மேல் முட்டையிடும். குஞ்சு அதன் உள்ளேயே தின்று வளரும். அழகான ரெக்கையை எதிர்பார்த்த இடத்தில் ஈ வந்ததும் அருவருத்துப் பாட்டிலைக் கழுவி வைக்காமல், "இது எப்படி உள்ள போச்சு?" என்று திரும்பவும் இலை பறிக்கப் போன பிள்ளை அவள். மார்க் பட்டியலைவிட எனக்கு இது பெரிது.

ஆகவே வேலை அவளுக்குப் பிடிக்கும் என்றே நம்புகிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டியது மற்றதைப் பற்றி.

காலக் கணக்கை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐசரில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த பி.எஸ்.-எம்.எஸ். ஐந்து வருடம். பிஎச்.டி. ஐந்தாறு வருடம் இழுக்கும். அதன்பின் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை இரண்டு, மூன்று வருடம். நிலையான வேலைக்கு முப்பதைத் தாண்டிவிடும். பிஎச்.டி. காலத்தில் கையில் காசு இல்லாமல் இல்லை: நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து உள்ள கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஹாஸ்டல் இல்லாவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. ஆனால் அது மாதாமாதம் வரும் என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கிவிடாதீர்கள். கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, தயங்கியது மட்டும் தெரிந்தது. பிஎச்.டி. நடுவில் கல்யாணம் முடித்து நன்றாக இருக்கிறவர்களும் உண்டு, இழுபறியில் ஆராய்ச்சியை விட்டவர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு லேபில் இருப்பாள் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிற குடும்பமா என்று மட்டும் பாருங்கள்.

மனநலத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2019-ல் 'நேச்சர்' இதழ் பல நாடுகளில் ஏறத்தாழ 6,300 பிஎச்.டி. மாணவர்களிடம் கேட்டது. முக்கால்வாசிப் பேர் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் திருப்தி என்றார்கள். அதே கணக்கெடுப்பில் 36 சதவீதம் பேர், படிப்பால் வந்த பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் உதவி தேடியதாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே சொன்னவர்களும் அதில் உண்டு. எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

அதனால் பாப்பாவிடம் சொல்ல வேண்டியது இது. ஐந்து வருடத்தில் இரண்டு கோடை விடுமுறையாவது வேறு ஊர் லேப்களில் போய் உட்காரட்டும். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஃபெல்லோஷிப் இருக்கிறது, இரண்டு மாதம், உதவித்தொகையோடு. ஆராய்ச்சி பிடிக்கவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும்; எம்.எஸ். பட்டத்தோடு மருந்து கம்பெனிக்கோ, டேட்டா வேலைக்கோ, காப்புரிமைத் துறைக்கோ, கல்பாக்கம் போன்ற அணுசக்தித் துறை மையங்களின் பயிற்சிப் பள்ளித் தேர்வுக்கோ போகலாம்.

பிடித்திருந்தால், பிஎச்.டி.க்குச் சேரும்போது நிறுவனத்தின் பெயரைவிடக் கைடு யார் என்று பார்க்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். அவரிடம் பேசும் முன்பு அவருடைய ஸ்காலர்களைத் தனியாக, கேன்டீனில் பிடிக்கட்டும். இதுவரை எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருடத்தில்? யாராவது பாதியில் போனார்களா, ஏன்? பேப்பரைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார்? வேலை சரியாக வராத வாரத்தில் அவரிடம் போய்ச் சொல்ல முடிகிறதா? கேட்டதும் அந்தப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், வேறு லேப் பார்க்கட்டும். நான் சேர்ந்தபோது இதைக் கேட்கச் சொல்லித்தர எனக்கு ஆள் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். "எப்பம்மா முடியும்?" என்று மாதாமாதம் கேட்காதீர்கள். "இந்த வாரம் என்னத்தப் பாத்த?" என்று கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். புழு எப்போது தின்றது, எப்போது கூடு கட்டியது என்று பாப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாளாமே, பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த ஈ எந்தத் தேதியில் வெளியே வந்தது என்று நான் பார்க்க வேண்டும்.