சூடான படகு எஞ்சின் மீண்டும் கிளம்ப மறுக்கும்போது: கேள்வி-பதில்

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே குறையைச் சுற்றியவை. காலையில் முதல் முயற்சியிலேயே கிளம்பும் படகு எஞ்சின், ஒரு மணி நேரம் நன்றாக ஓடி நின்றபின், கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் சுற்றுகிறதே தவிரப் பற்றுவதில்லை. எந்தெந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதை எல்லோரும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் மறுத்த அந்த நேரத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆறிய எஞ்சினில் செய்யும் சோதனை இந்தக் குறையைப் பிடித்துத் தராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் வைத்த 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின். நிறுத்திய உடனே திருப்பினால் கிளம்புகிறது. ஒரு மணி நேரம் கழித்தாலும் கிளம்புகிறது. இடைப்பட்ட நேரத்தில்தான் தொல்லை. கார்புரேட்டரை இரண்டு முறை சுத்தம் செய்தாகிவிட்டது.

பதில்: நீங்கள் சொல்லும் அந்த இடைவெளியே காரணத்தைக் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது தண்ணீர் பம்பு வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது. நிறுத்தியவுடன் தண்ணீர் நின்றுவிடுவதால், உலோகத்தில் தேங்கிய வெப்பம் மேல்மூடிக்குள் பரவி, அடுத்த பத்து இருபது நிமிடங்களுக்குக் கார்புரேட்டர், ஓடும்போது இருந்ததைவிட அதிகச் சூடாகிறது. பெட்ரோல் ஒரே கொதிநிலை கொண்ட திரவமன்று. அதிலுள்ள இலேசான பகுதிகள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும்.

இதனால் ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு விளைவுகள் ஏற்படலாம். மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் பொங்கி ஜெட் வழியாக உள்ளே வழிந்து சிலிண்டரை நனைத்துவிடுவது ஒன்று. குழாயிலும் பம்பிலும் ஆவிக்குமிழ்கள் அடைத்துக்கொண்டு பெட்ரோலே வராமல் போவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். ஆகவே எஞ்சின் மறுத்த உடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகவும் பெட்ரோல் வாடையுடனும் இருந்தால் சோக்கையும், பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பையும் (கை பல்பு) தொடவே வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்க, திராட்டிலை முழுவதும் திறந்து வைத்துச் சில விநாடிகள் சுற்றவிட்டால் கூடுதல் பெட்ரோல் வெளியேறிப் பற்றும், பற்றிய கணமே திராட்டிலைக் குறைத்துவிட வேண்டும். பிளக் உலர்ந்திருந்து கை பல்பும் தளர்ந்திருந்தால், பல்பு இறுகும்வரை அமுக்கிவிட்டுக் கிளப்புங்கள்.

பிளக் ஒவ்வொரு முறையும் ஈரமாகவே இருந்தால், கிண்ணத்துக்குப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசி சரியாக மூடுகிறதா, கிளப்பும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பிரைமர் வால்வு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று, தனியாக வைக்கும் பெட்ரோல் தொட்டி. அதன் மூடியிலுள்ள காற்றுத் திருகு மூடியபடி தொட்டி வெயிலில் கிடந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல நிலையில் உள்ள ஊசியையும் தாண்டிப் பெட்ரோலைத் தள்ளிவிடும். தொட்டிக் குழாயை எஞ்சினிலிருந்து கழற்றி வைத்த நாளில் குறை தோன்றவில்லை என்றால், கார்புரேட்டரை மூன்றாம் முறை பிரிக்க வேண்டிய தேவையில்லை. நிறுத்துவதற்குமுன் இரண்டு மூன்று நிமிடங்கள் மெதுவான ஓட்டத்தில் விடுவதும், நின்றபின் மேல்மூடியைத் திறந்து வைப்பதும் உதவும்.

கேள்வி: சூடானபின் பொறியே வருவதில்லை. காயிலும் பிளக்கும் புதியவை. பற்றவைப்புக்கு மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மீட்டரில் அளந்தால் சரியாகக் காட்டுகிறது.

பதில்: எப்போது அளந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஸ்டேட்டரிலும், பொறி எழும் நேரத்தைக் குறிக்கும் டிரிக்கர் காயிலிலும் உள்ள மெல்லிய கம்பிச் சுற்றில் ஓரிடம் விட்டிருந்தால், ஆறிய நிலையில் இரு முனையும் தொட்டுக்கொண்டு சரியான அளவைக் காட்டும். சூட்டில் விரிந்ததும் தொடர்பு அறும். பொறி வராத அந்த நேரத்திலேயே அளவுங்கள். கழற்றிய காயிலை மேசையில் வைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றியபடி மீட்டர் முள்ளைக் கவனிப்பதும் நல்ல வழி.

ஆனால் ஸ்டேட்டரை விலை கொடுத்து வாங்குமுன் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். மின்தேக்கியில் மின்சாரத்தைச் சேர்த்துப் பொறியாக விடும் சிடிஐ பற்றவைப்பு உள்ள பல எஞ்சின்களில் நிமிடத்துக்கு 250 முதல் 300 சுற்றுகளுக்குக் கீழே போனால், எல்லாப் பாகமும் நன்றாக இருந்தாலும் பொறி வராது. சோர்ந்த பேட்டரி, பழுதான ஸ்டேட்டர்போல வேடமிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சோதிக்கும்போது பிளக் ஒயரைத் திறந்தவெளியில் தொங்கவிடாமல் உலோகத்தோடு சேர்த்து வையுங்கள். இல்லையேல் சிடிஐ பெட்டி கெடலாம். பெட்ரோல் நனைந்த சிலிண்டரின் பிளக் துளைக்கு அருகே பொறி பாயவிடுவது அதைவிட ஆபத்து.

கேள்வி: படகினுள் பொருத்திய பெட்ரோல் எஞ்சின். சூட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் முனகிக்கொண்டே சுற்றுகிறது. அளவில் ஒத்துவரும் கார் ஸ்டார்ட்டர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, பொருத்தலாமா?

பதில்: பொருத்தவே கூடாது. படகுக்கென்று செய்யப்படும் ஸ்டார்ட்டர், உள்ளே எழும் பொறி வெளியிலுள்ள பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்காதபடி அடைக்கப்பட்டது. கார் ஸ்டார்ட்டருக்கு அந்தக் காப்பு தேவையில்லை, ஏனெனில் காரின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடித்தளத்தில் போக வழியின்றித் தேங்கும். கிளப்புமுன் காற்றுவிசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான். சூடான எஞ்சினை அவசரமாக மீண்டும் கிளப்பும்போதுதான் பலர் அதை மறக்கிறார்கள்.

உங்கள் குறைக்கு முதலில் மீட்டரை எடுங்கள். முழுதும் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும்; சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். இறங்கவில்லை என்றால், பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டரின் திருகுமுனைக்கும் இடையே, சுற்றிக்கொண்டிருக்கும்போதே அளந்து, அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் அந்த வழியிலுள்ள இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். எதிர்முனைப் பக்கத்தையும் அவ்வாறே பாருங்கள், அரிப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டரைக் கழற்றுவதில் பொருளுண்டு.

கேள்வி: டீசல் எஞ்சின் சூட்டில் கிளம்பவில்லை என்றால், பம்பின்மீது தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார் ஒரு மெக்கானிக். விளையாட்டாகச் சொன்னாரா?

பதில்: இல்லை, பழைய கைகள் அறிந்த நல்ல சோதனை அது. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். இன்ஜெக்ஷன் பம்பின் உட்பகுதி தேய்ந்திருந்தால், நீர்த்த டீசல் அந்த இடைவெளியில் நழுவிப் பின்வாங்குவதால், ஸ்டார்ட்டர் சுற்றும் குறைந்த வேகத்தில் நாசிலைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழுவதில்லை. பம்பைக் குளிரவைத்ததும் எஞ்சின் கிளம்பினால், தேய்மானம் அங்கேதான் என்று ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். ஊற்றுவதைவிட நனைத்த துணியைப் போர்த்திக் காத்திருப்பதையே நான் சொல்வேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், திடீரென்று சுருங்கிய பம்பு இறுகிப் பிடித்துவிடலாம்.

இதைச் செய்யுமுன், எரிபொருளை நிறுத்தும் மின்காந்த வால்வு (சொலினாய்டு) சூட்டிலும் திறக்கிறதா என்பதையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலின் குழாய் நட்டைச் சற்றுத் தளர்த்திச் சுற்றும்போது டீசல் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தாராளமாக டீசல் வந்து, வெள்ளைப் புகையும் வந்து, இன்னும் பற்றவில்லை என்றால் கம்ப்ரெஷனைச் சோதிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புகையோடு கடல்நீரும் கலந்து வெளியேறும் அமைப்பாக இருந்தால், எஞ்சின் பற்றாமல் சுற்றும் ஒவ்வொரு விநாடியும் தண்ணீர் பம்பு சைலன்சருக்குள் நீரை நிரப்புகிறது. அதை வெளியே தள்ளப் புகையின் வேகம் இல்லை. நீர் நிறைந்து சிலிண்டருக்குள் திரும்பினால், கனெக்டிங் ராடு வளைந்த எஞ்சின்தான் மிஞ்சும். இரண்டு மூன்று முயற்சிகளுக்கு மேல் போவதானால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள், பற்றியவுடன் திறக்க மறக்காதீர்கள்.

கேள்வி: மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு, வலையை எடுக்க அரை மணி நேரம் நிறுத்தினால் போதும், பிறகு கயிறு இழுத்துத் தோள் போய்விடுகிறது.

பதில்: நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் நிறைந்தபின் நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் ஆவியாகக் கடும் சூடு வேண்டும். அரை மணியில் அந்தச் சூடு போய்விடுகிறது.

கேள்வி: ஃபோர்-ஸ்ட்ரோக், இன்ஜெக்ஷன் எஞ்சின். சூட்டில் கிளம்பி, மூன்று விநாடியில் அணைந்துவிடுகிறது.

பதில்: சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, பம்பின் ஒலி ஓயும்வரை காத்து, அணைத்து, மறுபடி இருமுறை அவ்வாறே செய்தபின் கிளப்பிப் பாருங்கள். நின்று ஓடினால், ஆவி பிரிக்கும் தொட்டியில் குமிழ் சேர்வதாகவோ அழுத்தம் தங்காமல் இறங்குவதாகவோ கொள்ளலாம். பிரஷர் கேஜ் பொருத்தி உறுதிசெய்யுங்கள். மாற்றமில்லை என்றால் வெப்ப சென்சாரைப் பாருங்கள். அது எஞ்சின் குளிர்ந்திருப்பதாகவே பொய் சொன்னால் கணினி தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும். வால்வு இடைவெளி குறைந்துபோன எஞ்சின்களிலும் சூட்டில் வால்வு முழுதும் மூடாமல் கம்ப்ரெஷன் குறைவதுண்டு.

கேள்வி: அரை மணி காத்திருந்தால் கிளம்பிவிடுகிறதே, இப்படியே ஓட்டினால் என்ன?

பதில்: உங்களுடையதும் ஃபோர்-ஸ்ட்ரோக் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைக்குக் காரணம் பெட்ரோல் வழிவதாக இருந்தால், அது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயில் தொட்டியில் சேரும். இன்றே ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். சென்ற முறையைவிட மட்டம் ஏறியிருந்தாலோ, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயிலை மாற்றி, கசிவையும் அடைத்த பிறகே அந்த எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.