கேமரா கேள்வி-பதில்: மலையிலிருந்து கடலுக்கு

கேள்வி: புதுச்சேரிக்கு ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாயோடு கடல்மட்டத்தில் நீந்துவது) போகிறோம். கேமராவை வீட்டிலேயே வாட்டர்புரூஃப் ஹவுசிங்குக்குள் (தண்ணீர் புகாத பெட்டி) வைத்துப் பூட்டிக்கொண்டு கிளம்பலாமா?
(வாசகி, பெருமாள்மலை)

பதில்: வேண்டாம், அம்மா. நாம் இருப்பது மலை. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. இங்கே பூட்டிய ஹவுசிங்கைக் கடற்கரையில் திறக்கப் பார்த்தால், வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகம்தான் உடையும். திரும்பும்போது நேர்மாறு. வத்தலக்குண்டு தாண்டி ஏற ஏறச் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காற்று ஹவுசிங் மூடியையும் உள்ளிருந்து தள்ளும். ஆகவே ஏறினாலும் இறங்கினாலும் மூடியை இறுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் தனி டப்பாவில் வையுங்கள்.

பூட்டுவது கடற்கரையில், ஏ.சி. அறைக்குள். புழுக்கமான காற்றை உள்ளே அடைத்தால் நீரில் இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படியும். ஈரத்தை உறிஞ்சும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலமும் போடுங்கள். ஓ-ரிங்கை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடி போதும், தண்ணீர் புக. ஹவுசிங்கோடு தந்த கிரீஸைப் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். அதிகம் பூசினால் மணல்தான் ஒட்டும். வீட்டில் இருப்பதே என்று தேங்காய் எண்ணெயைத் தொடாதீர்கள். முதல் முழுக்கு கேமராவுக்கு அல்ல. உள்ளே டிஷ்யூ பேப்பரை மட்டும் வைத்து வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் கேமராவை நம்பி வைக்கலாம்.

கேள்வி: என் கடலடிப் படங்கள் எல்லாம் நீலம். ஃபிளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.
(வாசகர், கோத்தகிரி)

பதில்: தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். 5 மீட்டர் ஆழத்திலேயே பெரும்பகுதி போய்விடும். மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். அதனால் ஜூமை மறந்துவிட்டு, ஒரு முழத் தூரத்துக்கு நெருங்குங்கள், பவளத்தில் கைகால் படாமல். புள்ளிகள் நீரில் மிதக்கும் தூசு. லென்ஸை ஒட்டிய ஃபிளாஷ் அதற்கு நேராக வெளிச்சம் போடுகிறது. அதை அணைத்துவிட்டு, ஆழம் குறைந்த இடத்தில், வெயிலை முதுகுக்கு வைத்து எடுங்கள். வெளி ஃபிளாஷ் வாங்கும் யோசனை அப்புறம்; கடைக்காரர் சொல்வார், நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: காலையில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்குவது) முடித்துவிட்டு இரவே ஊர் திரும்பலாமா?
(மாணவர், குன்னூர்)

பதில்: கூடாது, தம்பி. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் உயரம் ஏறினால் குமிழாகி மூட்டு வலி, மரத்துப்போதல் என்று படுத்தும். ஒரு முறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பரிந்துரை. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ நம் மலையின் அழுத்தம்தான்; மலைப்பாதை என்பதால் சலுகை கிடையாது. இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குங்கள். அறை வாளியில் ஹவுசிங்கை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பொத்தான்களை அமுக்கி அமுக்கி உப்பை எடுங்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் ஏறலாம். வெறும் ஸ்நார்க்கெலிங் என்றால் இந்தக் கணக்கு எதுவும் இல்லை; அன்றே வீடு போய்ச் சேருங்கள்.