வீட்டுக்குள் தொட்டியில் வைத்த மிளகாய்ச் செடி பூக்கிறது, ஆனால் காய்க்காமல் பூ உதிர்கிறதே, ஏன்?

பூ வருகிறது என்றால் செடி நன்றாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். மிளகாயில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே பூவிலேயே உண்டு. வெளியில் காற்றும் தேனீயும் மகரந்தத்தைச் சேர்த்துவிடும். அறைக்குள் அதை நாம்தான் செய்ய வேண்டும். பூ விரிந்ததும் காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள், அல்லது மென்மையான தூரிகையால் பூவின் நடுவே தடவுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னலோரத்தில் 6 மணி நேர வெயிலாவது வேண்டும். கிடைக்காவிட்டால் எல்இடி விளக்கை 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானாலும் பூ கொட்டும். மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும். தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். அது இலையைத்தான் பெருக்கும்.