நேற்றிரவு உறைந்ததா? ஆல்ப்ஸ் ஏறப் போகும் தம்பிக்கு

ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் சுவிஸில், பேர்ண் நகரில் இருக்கிறார். யூலைக் கடைசியில் இவர் அங்கே ஒரு மாதம் போய் நிற்கப் போகிறார். அண்ணனின் கூட்டாளிகள் மூன்று பேர் சில வருடங்களாக மலை ஏறுகிறவர்கள். இவரையும் 4,000 மீற்றரைத் தாண்டிய ஒரு மலைக்குக் கூட்டிப்போகத் திட்டம். பிரைட்ஹோர்ன், அல்லாலின்ஹோர்ன், மொன்ஷ் என்று மூன்று பெயர் அடிபடுகிறதாம். "எல்லாம் பனிதானே அண்ணா, எந்த வழி நல்லது என்று எதை வைத்துப் பார்ப்பது? கோடையில் பனிச்சரிவு வராது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு உடனே சொல்லிவிடுகிறேன்: உண்மையில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதல் கேள்விக்கு என் பதில் தம்பிக்குப் பிடிக்காமல் போகலாம். மலையின் பெயரை இப்போதே முடிவு செய்யாதீர்கள். நான் சுவிஸின் வாலிஸ் மாநிலத்தில் ஒரு மலைவிடுதிச் சமையலறையில் 18 வருடம் நின்றவன். அதிகாலை 2 மணிக்கு ஏறப் போகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பத்து மணிக்கு அவர்கள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே விஷயத்தை அறிந்துகொள்ளப் பழகினேன். நானே ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அங்கே பழைய வழிகாட்டிகள் எழும்பியதும் தேநீருக்கு வருவதில்லை. கதவைத் திறந்து வெளியே போவார்கள், வானத்தை ஒரு தரம் பார்ப்பார்கள், வாசலில் கிடக்கும் பனியைச் சப்பாத்து நுனியால் உதைப்பார்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே வந்து இருந்து ஆறுதலாகச் சாப்பிடுவார்கள். சப்பாத்து புதைந்தால் அன்றைய திட்டம் மாறிவிடும். அவர்கள் பார்ப்பதெல்லாம் ஒன்றைத்தான்: நேற்றிரவு உறைந்ததா?

நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் கிடப்பது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அங்கே போனால் குழப்பம்தான். நேற்று விழுந்த புதுப்பனி மா மாதிரி இருக்கும். பல முறை உருகி உறைந்து இறுகிய பழம்பனியை அங்கே ஃபிர்ன் என்பார்கள். வெயில் பட்டுச் சொதசொதத்த ஈரப்பனி ஒரு வகை. மேலே பழம்பனியும் இல்லாமல் கண்ணாடி போலக் கிடக்கும் வெறும் ஐஸ் இன்னொரு வகை. ஒரே சரிவு ஒரே நாளில் இவற்றில் இரண்டு மூன்றாக மாறும். நீங்கள் ஏறுவது எந்த மலை என்பதைவிட, இதில் எதன்மேல் கால் வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

ஃபிர்ன் எப்படி உருவாகிறது என்று கல்லடியில் மீன் வாங்கப் போகும்போதே பார்க்கலாம். ரெஜிபோம் பெட்டியில் காலையில் கொட்டிய தூள் ஐஸ் மணல்போல உதிரும். கொஞ்சம் உருகி, அந்தத் தண்ணீர் துகள்களுக்கிடையில் இறங்கி இறுகிவிட்டால், மத்தியானம் கத்தியால் குத்தித்தான் மீனை எடுக்க வேண்டும். மலையில் இந்த வேலையைப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறிச் செய்கின்றன. பகலில் உருகிய தண்ணீர் இரவில் உறைந்து பனியை ஒரே கட்டியாகப் பிணைக்கிறது. அப்படிப் பிணைந்த பனியில் கிராம்பனின் (சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள்தட்டு) முட்கள் மட்டும் இறங்கும், கால் இறங்காது. பனியாற்றுப் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலமும் அப்போதுதான் ஆளைத் தாங்கும்.

சரி, இரவு உறைந்ததா என்று எப்படித் தெரியும்? வெப்பமானியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். காற்றின் வெப்பம் பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தால் பனி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்தச் சூடு வெளியே போகாது, போர்வை போர்த்தியது போல. தை மாதத்தில் வானம் வெளித்த இரவில் குளிர்வதும், மப்புப் போட்ட இரவில் புழுங்குவதும் நமக்குத் தெரியாததா? அதேதான்.

இன்னொன்று காற்று. மட்டக்களப்பாருக்குக் கச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலைநாட்டின் அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்க இறங்கச் சூடாகிக் காய்ந்து வந்து நம்மை வறுத்தெடுக்கிற காற்று. ஆல்ப்ஸிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, ஃபியோன் என்பார்கள். தெற்கே ஈரத்தைக் கொட்டிவிட்டு வடக்குப் பள்ளத்தாக்குகளில் சூடாக இறங்கும். ஃபியோன் அடிக்கும் இரவில் நட்சத்திரம் தெரிந்தாலும் பனி சரியாக உறையாது. கச்சானுக்குப் பழகியவனுக்கு இதைச் சுவிஸ்காரர் விளக்க வேண்டியதில்லை என்று அங்கே நான் பெருமையாகச் சொல்வதுண்டு.

சுவிஸ் வானிலை அறிக்கையில் 'பூச்சிய எல்லை' என்று ஒரு எண் வரும். எந்த உயரத்தில் காற்று பூச்சியம் பாகைக்கு இறங்குகிறது என்பது அது. 3,000 அல்லது 3,500 என்று இருந்து வானமும் வெளித்திருந்தால் நிம்மதி. 4,500ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 20–21 இரவு அது 5,298 மீற்றர் வரை போனது, அதாவது ஆல்ப்ஸின் மிக உயர்ந்த மலையான மொன் பிளாங்கின் உச்சிக்கும் மேலே. முந்தின கோடையில், 2022 யூலை 3ஆம் திகதி, இத்தாலியின் மர்மோலாடாவில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். அது பிற்பகல் நேரம், அதற்கு முன் பல நாள் கடும் வெயில்.

அறிக்கைக்குப் பிறகு உங்கள் கால்தான் கருவி. கிராம்பன் 'கிறீச்' என்று கடித்தால் நல்லது. சப்பாத்து கணுக்கால்வரை போகிறதா, மணியைப் பாருங்கள். கெண்டைக்கால்வரை போகிறதா, திரும்புங்கள், உச்சி 100 மீற்றரில் தெரிந்தாலும் சரி. கிராம்பன் அடியில் பனி உருண்டையாக ஒட்டினால் அதுவும் ஈரத்தின் அடையாளம்தான், முட்கள் இருந்தும் இல்லாத மாதிரி. மப்பு இரவுக்குப் பிறகு நான் ஒருமுறை "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று போனேன். இறங்கும்போது ஒரு பனிப்பாலத்தில் வலது கால் இடுப்புவரை போய்விட்டது. கீழே கால் எதிலும் படவில்லை. அந்த வெறுமை இன்னும் காலில் இருக்கிறது. முன்னால் போனவர் கயிற்றைத் தளரவிடாமல் பிடித்திருந்ததால்தான் இதை எழுதுகிறேன். ஆகவே பனியாற்றில் கயிறு கட்டாமல் ஓரடியும் வேண்டாம், பக்கத்தில் நூறு பேர் கட்டாமல் போனாலும்.

இனிப் பனிச்சரிவு. 4,000 மீற்றரில் யூலையிலும் அரை மீற்றர் பனி கொட்டும். கூடவே காற்று அடித்தால் அந்தப் பனியை அள்ளிக்கொண்டுபோய், காற்று படாத மறுபக்கத்தில் பலகையாக அடுக்கிவிடும். அந்தப் பலகை கீழுள்ளதோடு ஒட்டாமல் கிடக்கும்போது மேலே ஒருவர் நடந்தால் போதும், உடைந்து சரிந்துவிடும். சில நேரம் காலடியில் 'ஹும்ம்' என்று ஒரு அடக்கமான சத்தம் வரும். அதைக் கேட்டபின் சரிவில் மேலே போவது மடத்தனம். செங்குத்தான இடத்தில்தான் இது நடக்கும் என்று நினைக்காதீர்கள். 30 பாகையிலிருந்தே தொடங்குகிறது, நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறக்குறைய அவ்வளவுதான். சுவிஸ் அரச வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறம் போட்டுக் காட்டும் ஒரு படலம் இலவசமாகக் கிடைக்கிறது. அண்ணனிடம் சொல்லி இப்போதே பார்த்துவையுங்கள். டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் தினமும் எச்சரிக்கை வெளியிடும். கோடையில் பெரும்பனி கொட்டும்போதுதான் வெளியிடும். ஆகவே கோடையில் எச்சரிக்கை இல்லை என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருள் இல்லை. புதுப்பனி விழுந்தால் ஓரிரு நாள் பொறுங்கள்.

அப்புறம் உங்கள் மூன்று மலைகள். பிரைட்ஹோர்ன் 4,164 மீற்றர். செர்மாட்டிலிருந்து கேபிள் கார் 3,883 மீற்றர்வரை கொண்டுபோய்விடும், அதனால் சுலபம் என்று பெயர். எனக்கு அதில் ஒரு குறை தெரியும். முதல் கேபிள் கார் வரும்வரை நீங்கள் கிளம்ப முடியாது. கடைசிச் சரிவு 35 பாகைவரை போகும், அது தெற்கு-தென்மேற்கைப் பார்த்தது. முதல் காரில் போனால் இறுகிய பனியில் ஏறி இறங்கிவிடலாம். காலைச் சாப்பாடு முடித்து ஆடி அசைந்து போனால் சொதியில்தான் நடப்பீர்கள். வறண்ட கோடையின் பின்பகுதியில் அதே சரிவில் வெறும் ஐஸ் வெளியே வந்துவிடுவதுண்டு. அங்கே புதியவர் சறுக்கினால் நிறுத்துவது கடினம்.

அல்லாலின்ஹோர்ன் 4,027 மீற்றர், சாஸ் ஃபே ஊரிலிருந்து போவது. சரிவு பெரிதில்லை, ஆனால் பிளவுகள் பெரியவை, பனியாறு சுருங்கச் சுருங்க வழியும் மாறுகிறது. போன வருடத் தடத்தை நம்பிப் போகக் கூடாது.

மொன்ஷ் 4,110 மீற்றர். மேலே கடைசிப் பனிமுகடு ஒடுக்கமானது, காற்று கட்டிய பனி ஓரம் கூரை இறவாரம்போல வெளியே நீண்டு நிற்கும். கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் நிற்கிறோம் என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. முதல் மலையாக இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த முறை விட்டுவிடுங்கள்.

ஆக, கூட்டாளிகளோடு பேசி பிரைட்ஹோர்னையும் அல்லாலின்ஹோர்னையும் கையில் வைத்திருங்கள், மூன்று நான்கு நாள் ஒதுக்குங்கள். முந்தின நாள் மாலை மலைவிடுதிப் பொறுப்பாளருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். "நிலைமை எப்படி?" என்று கேட்காதீர்கள், "நல்லது" என்றுதான் பதில் வரும். நேற்றிரவு உறைந்ததா, எந்த இடத்திலிருந்து வெறும் ஐஸ், இன்று போனவர்கள் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள். பதினொரு மணிக்கு மேல் வந்தவர்களின் சப்பாத்து நனைந்திருந்ததா என்றும் கேளுங்கள். சிரிப்பார், ஆனால் சொல்வார். இரண்டு மலையும் வாலிஸில் இருப்பதால் அவசர இலக்கம் 144. போகும் முன் அதைத் தொலைபேசியில் போட்டுவையுங்கள்.