கணவர் கொவால்ஸ்கி, மனைவி கொவால்ஸ்கா: எழுத்துப் பிழையா?

கேள்வி: சென்னையில் சிறிய அளவில் பயண ஏற்பாட்டு நிறுவனம் நடத்துகிறேன். போலந்திலிருந்து ஒரு குழு கோயில்களைப் பார்க்க வருகிறது. ஒரு குடும்பத்தில் கணவர் பாஸ்போர்ட்டில் கொவால்ஸ்கி, மனைவிக்கும் மகளுக்கும் கொவால்ஸ்கா, மகனுக்கு மறுபடியும் கொவால்ஸ்கி என்று இருக்கிறது. இன்னொரு தம்பதியில் இருவருக்குமே நொவாக்தான். எதை நம்பி டிக்கெட் எடுப்பது? ‘ஸ்கி’ என்று முடிந்தால் ஜமீன் பரம்பரை என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? இந்தப் பெயர்களுக்கு என்னதான் பொருள்?

பதில்: முதலில் டிக்கெட்டை முடித்துவிடுவோம். எதையும் திருத்தாதீர்கள். நான்கு பாஸ்போர்ட்டும் சரி. ஒரே குடும்பம்தானே என்று நால்வருக்கும் ஒரே பெயரைப் போட்டால், விமான நிலையத்தில் அம்மாவும் மகளும் மாட்டிக்கொள்வார்கள்.

போலிஷ் மொழியில் ‘ஸ்கி’, ‘ட்ஸ்கி’ என்று முடியும் குடும்பப் பெயர்கள் இலக்கணப்படி பெயரடைகள். அந்த மொழியில் பெயரடை பால் காட்டும். ஆணுக்கு ‘ஸ்கி’, பெண்ணுக்கு ‘ஸ்கா’. கால்பந்து வீரர் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கியின் மனைவி அன்னா லெவன்டோவ்ஸ்கா. குடும்பம் முழுவதையும் சேர்த்துச் சொல்ல இன்னொரு வடிவம் உண்டு: கொவால்ஸ்த்ஸி. வீட்டு வாசல் பலகையிலும் திருமண அழைப்பிதழிலும் அதைப் பார்க்கலாம்.

நொவாக் அப்படியல்ல. அது பெயர்ச்சொல் என்பதால் கணவன் மனைவி இருவருக்கும் ஒன்றே. டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் தந்தையும் ஸ்வியாடெக்தான். ஒரு காலத்தில் இதிலும் வேறுபாடு இருந்தது. நொவாக்கின் மனைவி நொவாகொவா, மணமாகாத மகள் நொவாகுவ்னா. பெயரைக் கேட்டதுமே பெண்ணுக்குத் திருமணம் ஆகிவிட்டதா இல்லையா என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இன்றைய ஆவணங்களில் இந்த வடிவங்கள் அநேகமாக இல்லை. யாராவது பாட்டியின் பழைய சான்றிதழைக் கொண்டுவந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் பெயர் முற்றிலும் வேறாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டாம். திருமணத்தின்போது தன் பெயரையே வைத்துக்கொள்ளலாம், துணையின் பெயரை ஏற்கலாம், இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். இணைத்தால் இரண்டு பகுதிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். நாம் மேரி கியூரி என்று சுருக்கிவிட்ட விஞ்ஞானியைப் போலந்துக்காரர்கள் மரியா ஸ்க்வொடொவ்ஸ்கா-கியூரி என்றே சொல்வார்கள். தந்தை வீட்டுப் பெயரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வராது. இத்தகைய இரட்டைப் பெயர்களில் உள்ள இணைப்புக்கோட்டைப் பல டிக்கெட் முன்பதிவு அமைப்புகள் ஏற்பதில்லை. அங்கே கோட்டை விட்டுவிட்டு இரு பகுதிகளையும் எழுதுங்கள்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில ‘எல்’ எழுத்தின் மேல் சிறு குறுக்குக்கோடு போட்டது போல் போலிஷில் ஓர் எழுத்து இருக்கிறது. அதன் ஒலி ‘ல’ அல்ல, உதடு குவித்துச் சொல்லும் ‘வ’. நம் பத்திரிகைகள் வலேசா என்று எழுதிய முன்னாள் அதிபரின் பெயர் அவர்கள் வாயில் ‘வவென்சா’. (ஊர் சுற்றித் திரிவதைக் குறிக்கும் வினைச்சொல்லோடு தொடர்புடைய பெயர் அது.) ஒலி எப்படியிருந்தாலும் டிக்கெட்டில் சாதாரண ‘எல்’ போதும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில், அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளில் என்ன இருக்கிறதோ, அதையே விசா விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் எழுதுங்கள்.

இனி ஜமீன் கதை. உங்கள் நண்பர் சொன்னதில் வரலாறு கொஞ்சம் இருக்கிறது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் ஊர்ப்பெயரோடு ‘ஸ்கி’ சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டார்கள். டர்னூவ் ஊருக்கு உரியவர் டர்னொவ்ஸ்கி, லெஷ்னோவுக்கு உரியவர் லெஷ்சின்ஸ்கி. கேட்பதற்குக் கம்பீரமாக இருந்ததால் நகர வணிகர்களும் பிறகு குடியானவர்களும் அதே விகுதியைத் தங்கள் பெயரிலும் ஒட்டிக்கொண்டார்கள். கொவால்ஸ்கியையே பாருங்கள். ‘கொவால்’ என்றால் கொல்லர். கொல்லர் வழிவந்தவராக இருக்கலாம், அல்லது கொவாலே போன்ற பெயருள்ள ஓர் ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. பழைய போலந்தில் பிரபு வகுப்பு மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அவர்களில் பெரும்பகுதியினருக்கு மாளிகையும் இல்லை, பண்ணையாட்களும் இல்லை. தங்கள் துண்டு நிலத்தைத் தாங்களே உழுதவர்கள். ஆகவே ஒருவர் உண்மையிலேயே பிரபு வம்சம் என்று நிரூபித்தாலும் ஜமீன் என்று ஆகிவிடாது. பெயரின் வாலைப் பார்த்ததும் ‘இவர் என்ன ஆள்’ என்று கணக்குப் போடுவது நம் நாட்டுப் பழக்கம். அதைப் போலந்துக்காரரிடம் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

யூதர்களிடமும் ‘ஸ்கி’ பெயர்கள் ஏராளம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போலந்தை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன. நிரந்தரக் குடும்பப் பெயர் இல்லாதிருந்த யூதர்கள் ஒரு பெயரை எடுத்தே ஆக வேண்டும் என்று ஆஸ்திரியா 1787இல் ஆணையிட்டது. மற்றப் பகுதிகளும் பின்தொடர்ந்தன. பலர் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டார்கள். வூட்ஜ் நகரின் துணி ஆலை அதிபர் இஸ்ரேல் பொஸ்னான்ஸ்கியின் பெயரில் இருப்பது பொஸ்னான் நகரம்.

பொருளுக்கு வருகிறேன். போலந்தில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர் நொவாக். ஏறத்தாழ 2 லட்சம் பேர். ஊருக்குப் புதிதாக வந்தவன் என்று பொருள். ஒவ்வோர் ஊரிலும் யாரோ ஒருவர் புதிதாக வந்து குடியேறியிருப்பார் அல்லவா, அதுதான் இத்தனை நொவாக்குகள். விஷ்னியெவ்ஸ்கி, புளிப்புச் செர்ரி மரத்தின் பெயர் கொண்ட ஊர்களிலிருந்து வந்தது. டொம்ப்ரொவ்ஸ்கியில் ஓக் மரத்தோப்பு இருக்கிறது. வூய்ச்சிக் என்றால் ஊர்த்தலைவரின் மகன் என்று கொள்ளலாம். கொவால்ச்சிக், கொல்லரின் மகன் அல்லது அவரிடம் தொழில் பழகியவன்.

‘ச்சுக்’ என்ற முடிவைக் கண்டால் கிழக்கே, உக்ரைன் பக்கம் பாருங்கள். நோபல் பரிசு பெற்ற ஓல்கா டொகார்ச்சுக்கின் பெயரில் இருப்பது கடைசல்காரரின் மகன். ‘விச்’ என்ற முடிவும் ‘இன்னார் மகன்’ என்பதே. அதுவும் பழைய லித்துவேனியா, பெலாரூஸ், உக்ரைன் பகுதிகளில்தான் செழித்தது.

எனக்குப் பிடித்தவை பட்டப்பெயர்களிலிருந்து வந்தவை. முயல், ஓநாய், சிட்டுக்குருவி எல்லாம் குடும்பப் பெயராகி அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகின்றன. உச்சம் ‘மொச்சிகெம்பா’. வாயை நனைப்பவன், அதாவது குடிகாரன் என்று ஊரார் வைத்த பெயர். இந்தப் பெயரைச் சுமந்த லியோபோல்ட் மொச்சிகெம்பா ஒரு பிரான்சிஸ்கன் பாதிரியார். மேல் சிலேசியாவிலிருந்து குடும்பங்களை வரவழைத்து, 1854இல் டெக்சாஸில் பன்னா மரியா என்ற ஊரை அவர்தான் உருவாக்கினார். அமெரிக்காவின் மிகப் பழைய போலந்துக் குடியிருப்புகளில் அது ஒன்று. அங்கே இன்றும் மொச்சிகெம்பாக்கள் இருக்கிறார்கள். போலந்திலேயே இருந்து பெயர் பிடிக்கவில்லை என்றால், கேலிக்கு இடமான பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

அமெரிக்கா என்றதும் ஓர் எச்சரிக்கை. அங்கே குடியேறிய குடும்பங்களில் பெண்களும் பெரும்பாலும் ‘ஸ்கி’ என்றே எழுதுவார்கள். உங்கள் குழுவில் அமெரிக்க பாஸ்போர்ட்டோடு ஒரு பெண்மணி வந்து, பெயர் கொவால்ஸ்கி என்று இருந்தால், இந்தப் பதிலைப் படித்துவிட்டு அதை ‘கொவால்ஸ்கா’ ஆக்கிவிடாதீர்கள்.

வரவேற்கும்போது ‘பானே கொவால்ஸ்கி’ என்று குடும்பப் பெயரைச் சொல்லி நேருக்கு நேர் அழைக்க வேண்டாம். அவர்கள் காதில் அது அதட்டுவது போல் விழும். முதற்பெயரோடு மரியாதைச் சொல்லைச் சேர்ப்பதே முறை. டொமாஷ் என்பவரை ‘பானே டொமாஷு’, அன்னாவை ‘பானி அன்னோ’ என்று அழையுங்கள். விளிக்கும்போது பெயரின் கடைசி இப்படி மாறும்.

விளி மட்டுமல்ல, நம் மரம் ‘மரத்தை’ ஆவது போல அங்கே ஆட்பெயரும் வேற்றுமைக்கு வேற்றுமை உருமாறும். அவர்கள் போலிஷில் அனுப்பும் கடிதத்தில் ‘யானா கொவால்ஸ்கியெகோ’ என்று இருந்தால், அது யான் கொவால்ஸ்கிக்கு உரியது என்று பொருள்; புதிதாக ஓர் ஆள் வரவில்லை. ‘அன்னி கொவால்ஸ்கியெய்’ என்பதும் அதே அன்னா கொவால்ஸ்காதான். பயணிகள் எண்ணிக்கையைக் கடிதத்தைப் பார்த்துக் கணக்கிடாமல் பாஸ்போர்ட் நகல்களை வைத்துக் கணக்கிடுங்கள்.